ஆறாவது சரக்கு

ஜனவரி 6, திங்கள்

இந்தத் தடவையும் வீக்கம் வற்றவில்லை.

காலையில் அனிமல் ஹவுஸுக்குப் படியேறும்போதே மனசுக்குள் ஒரு காட்சி ஓடியது. மருந்து கொடுத்த எலிகளின் பாதம் பாதியாவது வற்றியிருக்கும், மற்றவற்றின் பாதம் கொழுக்கட்டை மாதிரி இருக்கும், நான் ஓடிப்போய் மேடத்திடம் சொல்வேன். போய்ப் பார்த்தால் எல்லாமே கொழுக்கட்டை. எந்தக் கூண்டில் மருந்து, எந்தக் கூண்டில் வெறும் தண்ணீர் என்பது சீட்டைப் பார்த்தால்தான் தெரிகிறது.

இது நான்காவது தோல்வி. எழுதினால் மனம் தெளியும் என்று அத்தான் இந்த டைரியைக் கொண்டுவந்து கொடுத்தார். என் கணவர்தான்; மருந்து கம்பெனியில் ரெப்பாக இருக்கிறார். டாக்டர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நெஞ்செரிச்சல் மாத்திரை விளம்பரம். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

விஷயத்தை முதலிலிருந்து எழுதிவிடுகிறேன். ஐந்து மூலிகைகள் சேர்ந்த மூட்டுவலிச் சூரணம் ஒன்று. உடுமலைப் பக்கம் ஒரு வைத்தியசாலையில் தயாராகிறது. எங்கள் துறையில் மேடத்திடமே எனக்கு முன்னால் பிஎச்.டி. செய்த குழந்தைவேல் அண்ணா, ஊசி போட்டுக் காலை வீங்கவைத்த எலிகளுக்கு அதைக் கொடுத்து, வீக்கம் முக்கால்வாசி வற்றியதாகக் காட்டினார். கட்டுரை நல்ல பத்திரிகையில் வந்தது. அதை வைத்து அவருக்கு இதே துறையில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து அவர் அண்ணா இல்லை, சார். சூரணம் உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது எனக்குக் கொடுத்த வேலை. அது வேலை செய்தால் அல்லவா எப்படி என்று கண்டுபிடிக்க?

இப்போது வந்திருக்கும் விதிப்படி நான் கடைப்பொடியைத் தொடக்கூடாது. மூலிகைகளைத் தாவரவியல்காரர்களிடம் காட்டி, சரியான செடிதான் என்று சான்று வாங்கி, நானே காயவைத்து, நானே இடித்து, நானே சலிக்க வேண்டும். எல்லாம் செய்தேன். என் பொடியை எலி மதிக்கவில்லை.

"கை பழகோணும் கண்ணு" என்றார் மேடம். மேடம் என்றால் என் வழிகாட்டி, பேராசிரியை சௌந்தரம். ஐந்து வருஷமாக யாரிடமும் என்னை விட்டுக்கொடுக்காதவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஜனவரி 9, வியாழன்

அனிமல் ஹவுஸில் ஏ.சி. நின்றுவிட்டது. பராமரிப்புப் பிரிவுக்குப் போனேன். கொள்முதல் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். கொள்முதல் பிரிவில் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டுமாம். துறைத்தலைவர் திருவனந்தபுரத்தில். எலிகள் கூண்டுக்குள் கால்பரப்பிக் கிடக்கின்றன. நானும் அப்படிக் கிடந்தால் தேவலை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எலிகளுக்கு லீவு கிடையாது என்பதால் நான் ஊருக்குப் போகவில்லை. அத்தான் மட்டும் கடையத்துக்குப் போயிருக்கிறார். மதியம் போன் செய்தார்.

"எம்மா கேக்காவ, மருமவ எங்கன்னு. எலிக்குப் பொங்கல் வைக்கப் போயிருக்கான்னு சொல்லிட்டேன்."

"சிரிக்காதீங்க அத்தான்."

"சிரிக்கல புள்ள. நெசமாத்தான் சொன்னேன்."

மாலை மேடம் வீட்டுக்குப் போனேன். கணவர் இறந்து பல வருஷம், மகள் பெங்களூரில். தனியாக இருக்கிறார் என்று பாவமாகப் போனால், கரும்பை அவரே கத்தியால் சீவிக்கொண்டிருக்கிறார்! இரண்டு வருஷத்துக்கு முன்னால் டிபன் டப்பா மூடியைத் திறக்க என்னிடம் நீட்டியவர். விரல் மூட்டெல்லாம் அப்படி வீங்கியிருந்தது.

"எல்லாம் நம்ம பொடிதான் கண்ணு. தினம் காலையில ஒரு ஸ்பூன். நான்தான் முதல் பேஷண்ட்" என்று சிரித்தார்.

ஆளும் நன்றாகத் தேறியிருக்கிறார். கன்னமெல்லாம் உப்பி, முகம் வட்டமாக, பார்க்கவே தெளிச்சியாக இருக்கிறது. சர்க்கரைதான் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். பொங்கலை ஒரு வாய்தான் சாப்பிட்டார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஐந்தாவதும் போச்சு.

ஆராய்ச்சிக் குழுக் கூட்டத்தில் என் வரைபடங்களைக் காட்டினேன். மருந்துக் கோடும் தண்ணீர்க் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. வெளியிலிருந்து வந்த நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். குழந்தைவேல் சார் எல்லோர் முன்னாலும், "உலகு, எனக்கு வத்துன வீக்கம் உங்களுக்கு மட்டும் ஏன் வத்த மாட்டேங்குது? எலிய வாங்கற எடம்கூட அதேதான?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

கூட்டம் முடிந்ததும் மேடம் தனியாகக் கூப்பிட்டார். அவர் ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு ஆள் எடுப்பார்கள். அதற்குள் நான் ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருந்தால் எனக்காகப் பேசுவார். "எனக்கப்பறம் அந்த ரூம்ல நீ உக்காரோணும். அதுதான் என்ற ஆசை" என்றார்.

ஐந்து வருஷத்தில் என் உதவித்தொகை முடிந்துவிட்டது. வயது முப்பத்தொன்று ஆகிவிட்டது. கையில் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும் இரண்டு கோடுகள்.

பிப்ரவரி 5, புதன்

சாம்பார் தீய்ந்துவிட்டது. வேறு விசேஷமில்லை.

பிப்ரவரி 12, புதன்

ஒரு யோசனை தோன்றியது. என் கைதான் கோளாறு என்றால், சார் பயன்படுத்திய அதே வைத்தியசாலைப் பொடியை என் கையாலேயே எலிக்குக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வற்றினால் நான் பொடி செய்யும் முறையில் தப்பு. வற்றாவிட்டால் கையில் தப்பு. எப்படியும் தப்பு என்னுடையது; எங்கே என்றாவது தெரியும்.

சாரிடம் கேட்டேன். "அது எப்பவோ தீந்துருச்சே" என்றார்.

மேடத்திடம் கேட்டேன். கைப்பையைத் திறந்து, தினம் தான் சாப்பிடும் எவர்சில்வர் டப்பாவையே எடுத்து நீட்டினார். "போன வாரம்தான் வந்துச்சு. வேணுங்கற அளவு எடுத்துக்கோ." டப்பாவைத் திறந்துகொடுத்த கையில், மணிக்கட்டுக்கு மேலே ஊதா நிறத்தில் ஒரு கன்றல். "எங்கயோ இடிச்சிருப்பேன், ஞாபகமில்ல."

பிப்ரவரி 27, வியாழன்

வற்றிவிட்டது. என் கையால், என் எலிகளுக்கு. கூண்டைத் திறந்ததுமே கண்ணுக்குத் தெரிந்தது; அளக்கவே தேவையில்லை.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அனிமல் ஹவுஸ் படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் என் கை சரி. என் பொடிதான் குப்பை. அதே ஐந்து மூலிகை, அதே அளவு, நான் செய்தால் மட்டும் மண்.

மேடம் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நான் சொன்னேன்ல? வைத்தியசாலைக்காரங்க பக்குவம் வேற. அதப் போய்க் கத்துக்கிட்டு வா."

ஒன்று மட்டும் புரியவில்லை. வீக்கம் வற்றிய எலிகள் எடை குறைந்திருக்கின்றன. கால்வலி போனால் நன்றாகத் தின்று எடை போட வேண்டுமே. தராசைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

மார்ச் 5, புதன்

குழந்தைவேல் சார் லீவு. அவருக்குப் பதிலாக இரண்டாம் ஆண்டு பி.ஃபார்ம் வகுப்புக்கு நான் போனேன். பாடம் ஸ்டீராய்டு. போர்டில் ஒரு பெண்ணை வரைந்து, நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டால் என்னென்ன ஆகும் என்று அம்புக்குறி போட்டு எழுதினேன். முகம் நிலா மாதிரி வட்டமாகும். தோல் மெலிந்து, லேசாக இடித்தாலும் கன்றும். சர்க்கரை ஏறும். புண் ஆறாது. என் ஓவியத்தைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள்.

"திடீர்னு நிறுத்தினா என்னாகும் மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. வெளியிலிருந்து வருகிறதே என்று உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிட்டிருக்கும். வெளியிலிருந்து வருவதும் நின்றால் ரத்த அழுத்தம் விழும், உயிருக்கே ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று சொன்னேன். வகுப்பு நன்றாகப் போனது. எலிகளைவிடப் பிள்ளைகள் தேவலை.

மாலை மேடத்துக்கு மருந்துக்கடையில் பேண்டேஜ் வாங்கிக் கொடுத்தேன். போன மாதம் காய் நறுக்கும்போது விரலில் பட்ட வெட்டு இன்னும் ஆறவில்லையாம். வயதாகிறது.

மார்ச் 11, செவ்வாய்

எலிகளை அறுத்துப் பார்க்கும் நாள். மேடத்தின் பொடி சாப்பிட்ட எலிகளில் தைமஸ் சுரப்பி சுண்டிப்போயிருக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் வெள்ளையாகப் பளிச்சென்று இருக்க வேண்டியது. தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. என் பொடி சாப்பிட்டவற்றில் எல்லாம் சரியாக இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டின்போது அத்தானிடம் சொன்னேன். அப்பளத்தை உடைத்துக்கொண்டே, "ஏ புள்ள, எங்க லைன்ல இது ஊரறிஞ்ச கதைல்லா. வலிக்கு ஒடனே கேக்கணும்னா மாத்திரைய இடிச்சு உள்ள போட்ருவானுவ. ஸ்டீராய்டுதான், வேற என்னது?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பேராசிரியர் ஒருத்தங்க தினம் சாப்பிடுறாங்க. அவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு?" என்று கத்தினேன். அவர் எழுந்துபோய்த் தட்டைக் கழுவினார்.

மார்ச் 12, புதன்

எச்.பி.எல்.சி. என்று ஒரு கருவி. எந்தப் பொடியிலும் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்து, ஒவ்வொன்றையும் தாளில் ஒரு சிகரமாக வரைந்து காட்டும். பல்கலைக்கழகத்துக்கே ஒன்றுதான். பெயர் கொடுத்தேன். 26ஆம் தேதி என்றார்கள். நல்லது. அவசரமில்லை.

மார்ச் 26, புதன்

என் பொடியில் உள்ள அத்தனை சிகரங்களும் மேடத்தின் பொடியிலும் இருக்கின்றன. கூடவே இன்னொன்று. ஒல்லியாக, உயரமாக, கோயில் கொடிமரம் மாதிரி. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தனியாகச் செலுத்திப் பார்த்தேன். அதே இடத்தில் அதே கொடிமரம்.

ஐந்து மூலிகைச் சூரணத்தில் ஆறாவது சரக்கு.

கருவியின் உள்குழாய் பழையது. ஒரு தடவை ஓட்டியதை வைத்து எதுவும் சொல்லக்கூடாது.

மார்ச் 28, வெள்ளி

மறுபடி ஓட்டினேன். அதேதான். திங்கட்கிழமை இன்னொரு தடவை ஓட்ட வேண்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

மூன்றாவது தடவையும் ஆகிவிட்டது. முதலில் குழந்தைவேல் சாரிடம் காட்டினேன். கதவைச் சாத்தினார். தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் அதிர்ச்சி இருந்தது. ஆச்சரியம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்பவே ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாம்னேன். மேடம்தான், வைத்தியர் நம்பிக் குடுத்த சரக்கு, சந்தேகப்பட்டா அவருக்கு அவமானம்னாங்க. நானும் விட்டுட்டேன்."

"இப்ப என்ன சார் செய்யறது?"

"உலகு, ஏழாந்தேதி எனக்கு புரமோஷன் இன்டர்வியூ. அதுல இருக்கற ஒரே பெரிய பேப்பர் இதுதான். இருபத்தொண்ணாந்தேதி ஆஸ்பத்திரில நோயாளிங்களுக்கு இந்தப் பொடியக் குடுத்துப் பாக்கற மேடத்தோட ஆய்வு ஆரம்பிக்குது. ரெண்டு மாசம் நீங்க பேசாம இருந்தா மேடம் மாலையோட ரிட்டயர் ஆவாங்க. நீங்க அந்த சீட்டுல இருப்பீங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

"அந்த ஆஸ்பத்திரி ஆய்வுல பொடியச் சாப்பிடப் போறவங்களுக்கு?"

அவர் மேசைமேல் இருந்த மகனின் போட்டோவை நேராக்கி வைத்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் வாசலைத் தாண்டுவதற்குள் வடிந்துவிட்டது. ஏனென்றால் அந்த சீட்டு என்றதும் எனக்கும் ஒரு கணம் அந்த ஜன்னலோர நாற்காலி கண்முன் வந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

இன்று சொல்லிவிடலாம் என்று போனேன். மேடம் நோயாளிகள் ஆய்வின் தொடக்க விழாவுக்குப் புடவை எடுத்திருக்கிறார், காட்டினார். அரக்குக் கரை. மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. நாளை சொல்லலாம்.

ஏப்ரல் 9, புதன்

மேடத்துக்கு நிறைய வேலை.

ஏப்ரல் 11, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மூன்று தாள்களையும் மேசைமேல் வைத்தேன். முதலில் ஒரு மாணவியின் தாளைத் திருத்துகிற மாதிரிதான் பார்த்தார். பிறகு கொடிமரத்தின்மேல் விரலை வைத்தார். அந்தப் பேண்டேஜ் போட்ட விரலை. நான் டெக்சாமெத்தசோன் என்று சொல்லும் முன்பே அவர் முந்திக்கொண்டார்.

"மிஷின் கோளாறு."

"மூணு தடவை ஓட்டினேன் மேடம்."

"அப்ப நீ எதையோ கலந்துட்டே. கழுவாத குடுவைல போட்டிருப்பே."

"ஸ்டீராய்டு குடுத்த எலிங்க மாதிரியே தைமஸ் சுருங்கியிருக்கு மேடம். எடை குறைஞ்சிருக்கு. உங்களுக்கும் சர்க்கரை, இந்தக் கன்றல், முகம்..."

முகம் என்ற சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் எழுந்தார். "முப்பது வருஷமா நான் நடத்தற பாடத்த நீ எனக்கு நடத்தறியா? அஞ்சு வருஷம் உன்ன என்ற பொண்ணாட்டம் வெச்சிருந்தேன். உனக்கு ரிசல்ட் வரலைங்கறதுக்காக என்ற ரிசல்ட்டையும் அழிக்கோணுமா? போ வெளிய."

போய்விட்டேன். முக்கியமான ஒன்றைச் சொல்லவில்லை. ஆனால் அது அவருக்குத் தெரியாததா? அவர்தான் எனக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மேடம் போனை எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை. கோபம். இருக்கட்டும். அவருக்குத் தெரியும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையில் மேடம் துறைக்கு வரவில்லை. புத்தாண்டு விடுமுறைக்கு மகளிடம் போயிருப்பார் என்றார்கள். அவர் மகளைக் கூப்பிட்டேன். "அம்மா இங்க வரலையே" என்றாள்.

ஸ்கூட்டியில் எப்படிப் போனேன் என்று தெரியாது. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பின்பக்கம் சமையலறைக் கதவு சும்மா சாத்தியிருந்தது. மேடம் ஹாலில், சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் தரையில் கிடந்தார். வாந்தி எடுத்திருந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது, கை மட்டும் ஜில்லென்று இருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தார். நான் யாரென்று தெரியவில்லை.

ஆம்புலன்ஸ். அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர். "என்ன சாப்பிட்டாங்க? ஃபுட் பாய்சன் மாதிரி இருக்கு" என்று சலைன் போடச் சொன்னார். ரத்த அழுத்தம் விழுந்துகொண்டே இருந்தது.

"சார், ஒன்றரை வருஷமா இவங்க உடம்புல ஸ்டீராய்டு போயிருக்கு. நாலு நாளா நிறுத்திட்டாங்கன்னு நெனைக்கிறேன். நின்ன ஸ்டீராய்டுக்குப் பதிலா ஹைட்ரோகார்டிசோன் ஊசி போடுங்க."

"எந்த டாக்டர் எழுதினது? சீட்டு இருக்கா?"

"எந்த டாக்டரும் எழுதல சார். மூலிகைப் பொடில கலந்திருந்தது. அவங்களுக்குத் தெரியாம சாப்பிட்டாங்க."

"நீங்க டாக்டரா?"

"இல்ல. ஃபார்மகாலஜி. எலிக்குக் கொடுக்கறவ. போடுங்க சார், தயவுசெஞ்சு போடுங்க."

கத்தினேன் போலிருக்கிறது. ஒரு நர்ஸ் என் தோளைப் பிடித்தார். அந்த இளம் டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மேடத்தின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கன்றல்களைப் பார்த்தார். ஊசியை எடுத்துவரச் சொன்னார்.

மதியத்துக்கு மேல் அழுத்தம் ஏறியது. வெட்டுப்பட்ட விரல் சீழ் பிடித்துக் காய்ச்சல் வேறு சேர்ந்திருந்ததாம். அத்தான் இட்லி வாங்கிவந்தார். வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிட்டேன். "நான் சொல்லிருக்கணும் அத்தான். நிறுத்தாதீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை." அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார்.

ஏப்ரல் 17, வியாழன்

மேடம் பேசினார். மகள் கேன்டீனுக்குப் போயிருந்தாள்.

"மன்னிச்சிருங்க மேடம். திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு அன்னைக்கே நான் சொல்லிருக்கணும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன்."

"தெரியும்" என்றார். குரல் தேய்ந்திருந்தது. "தெரிஞ்சுதான் நிறுத்தினேன்."

எனக்குப் புரியவில்லை.

"நீ சொன்னது பொய்யா இருந்தா, நிறுத்தினாலும் எனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. வலி மட்டும் திரும்ப வரும். நெசமா இருந்தா..." கையிலிருந்த ஊசிக் குழாயைப் பார்த்தார். "முதல் நாள் ஒண்ணும் ஆகல. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உனக்குப் போன் பண்ணித் திட்டலாம்னு நெனச்சேன். மூணாம் நாள் தல சுத்துச்சு. சரியாத் தூங்கல, அதனாலன்னு சொல்லிக்கிட்டேன். நாலாம் நாள் எந்திரிக்க முடியல. அப்பவும் போனை எடுக்கல கண்ணு. இன்னும் கொஞ்சம் பாக்கலாம்னு இருந்தேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை படித்தவர். தன் உடம்பை எலியாக்கிப் படுத்திருக்கிறார், என் மூன்று தாள்களைப் பொய்யாக்குவதற்கு. பார்க்கப் போனால், நானும் பதினைந்து நாள் கருவியைத்தானே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்ற போனை எடு" என்றார். படுத்தபடியே ஆஸ்பத்திரி நெறிமுறைக் குழுத் தலைவரைக் கூப்பிட்டு ஆய்வை நிறுத்தச் சொன்னார். "காரணம்?" என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "நான் ஐ.சி.யூ.வுல இருந்து பேசறேன். அதான் காரணம்" என்றார்.

ஏப்ரல் 30, புதன்

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி மேடம் பத்திரிகைக்கு எழுதிவிட்டார். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் பொடியை அனுப்பியாயிற்று. வைத்தியசாலைக்காரர், மூலிகை மொத்த வியாபாரிதான் கலந்திருப்பான், தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாராம்.

குழந்தைவேல் சாரின் பதவி உயர்வு நின்றுவிட்டது. வராந்தாவில் எதிரே வந்தால் அறிவிப்புப் பலகையைப் படிக்கிறார். அதில் போன வருஷ விளையாட்டு விழா நோட்டீஸ்தான் இருக்கிறது.

மே 8, வியாழன்

ஆராய்ச்சிக் குழு. என்னை யாரும் பாராட்டுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இதையும் எதிர்பார்க்கவில்லை. என் ஆய்வுத் தலைப்பு செல்லாது. வேலையே செய்யாத சூரணம் எப்படி வேலை செய்கிறது என்று ஆய்வேடு எழுத முடியாது. தலைப்பை மாற்ற வேண்டும். மேடம் ஓய்வு பெறுவதால் புது வழிகாட்டி வேண்டும். மூன்று பேராசிரியர்களிடம் கேட்டேன். ஒருவருக்கு இடமில்லை, ஒருவருக்கு நேரமில்லை. மூன்றாமவர் நல்லவர், உள்ளதைச் சொன்னார்: "நீ செஞ்சது சரிதாம்மா. ஆனா கைடையே மாட்டிவிட்ட பொண்ணுன்னு பேராயிடுச்சு. எனக்கும் பழைய பேப்பரெல்லாம் இருக்கு பாரு."

மேடத்தின் இடத்துக்கு ஆளெடுப்பதும் நிர்வாகக் காரணங்களால் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.

மே 20, செவ்வாய்

அத்தான் சொல்லி, சென்னையில் ஒரு மருந்துப் பாதுகாப்பு கம்பெனிக்கு இன்டர்வியூ கொடுத்தேன். உலகம் முழுக்க யார் யாருக்கு எந்த மாத்திரையால் என்ன பக்கவிளைவு என்று கணினியில் படித்துத் தொகுக்கிற வேலை. நல்ல சம்பளம், ஏ.சி. நிற்காது. எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். பத்து நாள் அவகாசம் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஒனக்கு எலி வேணும்" என்றார் அத்தான். "சொல்லிட்டுப் போயேன் புள்ள, எனக்கு எலிதான் வேணும்னு."

மே 29, வியாழன்

குழந்தைவேல் சார் கூப்பிட்டனுப்பினார். இரண்டு மாதத்தில் முதல் பேச்சு.

"கைடு கெடைக்கலையாமா?"

"இல்ல சார்."

"என்கிட்ட ரெண்டு எடம் காலி. யாரும் சேரல, இனியும் சேர மாட்டாங்க." சிரிக்கப் பார்த்தார். "என்கிட்ட இப்ப ஒரு பேப்பரும் இல்ல. உங்ககிட்ட தலைப்பு இல்ல. கடைகள்ல விக்கற மூட்டுவலிப் பொடியெல்லாம் வாங்கிட்டு வாங்க. எதெதுல என்ன கலந்திருக்குன்னு ஒழுங்கா ஓட்டிப் பாக்கலாம்."

"உங்களுக்கு என்மேல கோவம் இல்லையா சார்?"

"இருக்கு" என்றார். "ஆனா பொடிய ஓட்டிப் பாக்காம விட்டது நீங்க இல்லையே."

குறைந்தது இன்னும் இரண்டு வருஷம். உதவித்தொகை கிடையாது, பகுதிநேர விரிவுரையாளராக வகுப்பெடுத்துச் சமாளிக்க வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டேன். சென்னைக்காரர்களுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மாலை முழுக்க எரிச்சலாக இருந்தது. ஆனாலும் பசித்தது. இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

இந்தப் பொடியை மேடம் யார் யாருக்கெல்லாம் சிபாரிசு செய்திருக்கிறாரோ அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவரே போகிறார். வண்டி ஓட்டுவது நான். போனில் சொன்னால் போதாதா என்று கேட்டதற்கு, "நல்லதுன்னு நேர்ல போய்ச் சொன்னேன். இதையும் நேர்லதான் சொல்லோணும்" என்றார்.

இன்று அவர் தெருக்கோடியில் இட்லி மாவு விற்கும் மாராத்தாள் வீடு. கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தாள்.

"மாராத்தா, அந்தப் பொடி நல்லதில்ல. உள்ள வேற மருந்து கலந்திருக்கு. ஆனா திடீர்னு நிறுத்தீராதே. நான் அப்படி நிறுத்தித்தான் சாகப் பாத்தேன்."

"நீங்கதானுங்கம்மா நல்லதுன்னு சொன்னீங்க?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"பெரிய படிப்புப் படிச்சவங்க சொல்றாங்கன்னுதானுங்க தின்னேன். இப்ப என்ற கை மடங்குது. அரிசி களைய முடியுது. முன்னால சீப்புப் புடிச்சுத் தல சீவ முடியாம அழுதுட்டு உக்காந்திருந்தேன். அந்த வலி திரும்ப வந்தா நீங்க வாங்கிக்குவீங்களா?"

நான் விளக்க வாயெடுத்தேன். ஸ்டீராய்டு, சுரப்பி, சர்க்கரை. மேடம் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். கவிழ்த்துப்போட்டிருந்த அரிசி டிரம்மின்மேல் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினார். மூட்டுகள் மறுபடி வீங்கியிருக்கின்றன.

"எனக்கும் வந்திருச்சு. காலையில ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியல. டாக்டர் குடுக்கற மாத்திரைல கொஞ்சம் கொஞ்சமாத்தான் கேக்குது."

மாராத்தாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மேடத்தின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "ஐயோ, இப்பிடிப் போச்சுங்களே" என்றாள்.

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீயும் வா. ரெண்டு பேரும் ஒண்ணாக் காட்டிக்கலாம்."

"வியாழக்கிழமை கல்யாண வீட்டு ஆர்டருங்க."

"வெள்ளி?"

யோசித்தாள். "மத்தியானத்துக்கு மேல வாறனுங்க. அதுவரைக்கும் பொடியத் திம்பேன், சொல்லிட்டேன்."

"தின்னு" என்றார் மேடம். "அன்னைக்கு டப்பாவையும் எடுத்துட்டு வா. டாக்டர் பாக்கோணும்."

வருவாளா, தெரியாது. வெயிலில் வண்டி சூடேறிக் கிடந்தது. மேடம் சீட்டின்மேல் துண்டை விரித்து, என் தோளைப் பிடித்து மெல்ல ஏறி உட்கார்ந்தார்.

"அடுத்தது யாரு?"

"இங்க, ராமநாதபுரம் பஸ் ஸ்டாப் பக்கம், உங்க நாத்தனார் மேடம்."

"அவ ரொம்பத் திட்டுவா" என்றார். "சரி, போ."